குதிரைகள் நீர் அருந்திய கல்தொட்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இந்தக் கிழவர் எப்பொழுது பேசி முடிப்பார், நாடகம் எப்பொழுது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

ஆண்டு விழாவில் இலக்கியம் பற்றிப் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு நான் ஒரு கல்தொட்டியைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று செயலாளரிடம் தெரிவித்தபோது, அவர் சற்றே திகைத்தார். "எந்தக் கல்தொட்டி?" என்று கேட்டார். நம் காலனியின் கிழக்கு வாயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், காய்ந்த சருகும் தேநீர்க் குவளைகளும் நிறைந்து கிடக்கிறதே, அந்தத் தொட்டிதான் என்றேன். "ஓ, அதுவா? அதைத்தான் எடுத்துவிடப் போகிறோமே! இரண்டு கார்கள் நிறுத்த இடம் கிடைக்குமே!" என்றார். அவர் மீது குறையில்லை. கார்களுக்கு இடம் வேண்டும் என்பது நம் எல்லோருடைய கோரிக்கையே. ஆயினும், ஒரு பொருளை எடுத்தெறிவதற்கு முன்னர் அது இன்னதென்று அறிந்துகொள்வது முறையல்லவா? அதன் பொருட்டே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

1959ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது நிரம்பியிருந்தபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து அப்பாவுடனும் ஆச்சியுடனும் இந்நகருக்கு வந்தேன். தாதர் நிலையத்தில் இறங்கி, பெட்டி படுக்கைகளுடன் ஒரு விக்டோரியா வண்டியில் ஏறினோம். அக்காலத்தில் குதிரை வண்டிக்கு இங்கே அதுவே பெயர். மாதுங்காவை நெருங்கியதும் வண்டிக்காரர், எங்களைக் கேளாமலேயே வண்டியை ஒரு கல்தொட்டியின் அருகே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். இறங்கிச் சென்று குதிரையின் கடிவாளத்தைத் தளர்த்தினார். குதிரை தலையைத் தாழ்த்தி, உதடுகளைக் குவித்து, ஒலியின்றி நீரை உறிஞ்சத் தொடங்கியது. அப்பாவுக்கோ அவசரம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, வண்டிக்காரர் இந்தியில், "முதலில் அது குடிக்கட்டும் ஐயா, பிறகு நாம் போகலாம்" என்றார். அப்பாவுக்கு அது பாதிதான் விளங்கியது. ஆச்சிக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது; அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. "நம்ம ஊர்க் கிணத்தடித் தொட்டி மாதிரியே இருக்குல்லா! இந்த ஊர்லயும் மனுசங்க இருக்காங்க" என்றாள். மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அச்சொற்களே. அந்தத் தொட்டிதான் இந்தத் தொட்டி.

அன்பர்களே, இத்தொட்டியில் கல்வெட்டு எதுவும் இல்லை. அமைத்தவர் பெயரும் இல்லை. எனினும், இதன் பின்னே ஒரு நகரத்தின் தாகத்தின் வரலாறே இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மும்பை ஏழு தீவுகள் இணைந்து உண்டான ஊர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நாற்புறமும் கடல், குடிப்பதற்கோ நன்னீர் அரிது. வீட்டுக் கிணறுகளையும், செல்வர்கள் அறமாக வெட்டுவித்த குளங்களையும் நம்பியே ஊர் வாழ்ந்தது. அக்குளங்கள் மறைந்துவிட்டன; அவற்றின் பெயர்கள் மட்டும் பேருந்து நிறுத்தங்களில் வாழ்கின்றன. 'தோபி தலாவ்' என்கிறோம். 'தலாவ்' என்றால் குளம், 'தோபி' வண்ணார். இன்று அங்கே குளமும் இல்லை, துணி வெளுப்பாரும் இல்லை. 'சி. பி. டேங்க்' என்கிறோம். கவாஸ்ஜி பட்டேல் என்னும் பார்சிப் பெருமகனார் 18ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த குளத்தின் பெயர் அது. 'கோவாலியா டேங்க்' என்கிறோம். ஆயர்கள் தங்கள் மாடுகளைக் குளிப்பாட்டிய குளம் என்பதால் வந்த பெயர் அது. அக்குளம் மூடப்பட்டு மைதானமான பின்னரே, 1942 ஆகஸ்டு 8ஆம் நாள், வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மகாசபைக் கூட்டம் அங்கே கூடியது. மாடுகள் நீராடிய இடத்திலிருந்து நாட்டின் விடுதலை முழக்கம் எழுந்தது என்றால், அந்தக் குளம் கொடுத்துவைத்ததுதான்!

'பைதோனி' என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். மராத்தியில் அது 'பாய்துணி'. படுக்கும் பாய் அன்று. உடுக்கும் துணியும் அன்று. 'பாய்' என்றால் அங்கே பாதம். 'துணி' என்றால் கழுவுதல். தீவுகளுக்கிடையே கடல்நீர் புகுந்து நின்ற காலத்தில், அதைக் கடந்து வந்தோர் கால் கழுவிக்கொண்ட இடம் அது. இந்நகரின் ஊர்ப்பெயர்களுள் எத்தனை நீரிலிருந்து பிறந்தவை என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

1854ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின, குளங்கள் சேறாயின. அப்போது அரசாங்கத்தார் செய்தது என்ன தெரியுமா? ஊரிலிருந்த கால்நடைகளை எல்லாம் அப்பால் மாஹிமுக்கு ஓட்டிச் செல்லச் செய்தார்கள். மக்கள் குடிப்பதற்கு வெளியிலிருந்து ரயிலிலும் படகிலும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நீர் குறையும்போது முதலில் ஊரைவிட்டு வெளியேற்றப்படுபவை வாயில்லாப் பிராணிகளே என்னும் உண்மையை அந்நிகழ்ச்சி காட்டுகிறது. அவர்களைக் குறைகூற நான் துணியேன். மனிதக் குழந்தை தாகத்தால் அழும்போது வேறென்ன செய்வது? ஆனால், அந்த அச்சத்திலிருந்து ஒரு நன்மை பிறந்தது. விஹார் ஏரி கட்டப்பட்டு, 1860ஆம் ஆண்டில் குழாய் வழியே நகருக்கு நீர் வந்தது. தொடர்ந்து 1879இல் துளசி ஏரியும், 1892இல் தான்சா ஏரியும் வந்து சேர்ந்தன.

குழாய் நீர் வந்தபின் நகரம் விரைந்து வளர்ந்தது. வளர்ந்த நகரை இழுத்துச் சென்றவை குதிரைகள். 1874ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் இந்நகரில் குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. கொலாபாவிலிருந்து பைதோனிக்குக் கட்டணம் மூன்று அணா. அதை நடத்திய நிறுவனத்தார் தொடக்கத்தில் 900 குதிரைகளை லாயத்தில் வைத்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. இவை டிராம் குதிரைகள் மட்டுமே. இவை தவிர, விக்டோரியா வண்டிக் குதிரைகள், செல்வரின் சாரட்டுக் குதிரைகள், படைக் குதிரைகள், பைகுல்லாவின் லாயங்களில் விற்பனைக்கு நின்ற அரபு நாட்டுக் குதிரைகள் எத்தனையோ! வெயிலில் பாடுபடும் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் வேண்டும். தொள்ளாயிரம் குதிரைகள் என்றால் 36,000 லிட்டர். கணக்குப் பாடத்தில் வல்ல பிள்ளைகள் சரிபார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நீரையும், உழைக்கும் வழியிலேயே, களைத்த நேரத்திலேயே கொடுத்தாக வேண்டும். குதிரைக்குத் தாகமெடுத்தால் அது கேட்காது, நடை தளரும், ஒரு நாள் விழுந்துவிடும்.

குதிரை வாங்குதல் வேறு, பேணுதல் வேறு என்பதைத் தமிழ்நாடும் ஒரு காலத்தில் பெருவிலை கொடுத்தே கற்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாற்றை நாம் அறிவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல்கடந்து வந்திறங்கிய குதிரைகள், பேணும் முறை அறியாமையால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மாண்டுபோயின என்று எழுதிவைத்திருக்கிறார். பொன்னைக் கொடுத்து வாங்கியவர்கள், பேணத் தெரிந்தோரைத் தேடி வைக்கவில்லை.

பம்பாய் அத்தவற்றைச் செய்யவில்லை என்று சொல்லுமளவுக்கு இங்கே ஓர் அறம் தழைத்தது. அதன் பெயர் 'பியாவ்'. 'பிரபா' என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர். நம் தண்ணீர்ப்பந்தலே அது. குஜராத்தி வணிகர்களும் பார்சிச் செல்வர்களும் பிறரும், மறைந்த தாய் தந்தையரின் நினைவாகவும், இறந்த குழந்தையின் நினைவாகவும், தெருமுனைகளில் கல்லால் பியாவ்களை எழுப்பினார்கள். சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி என்பார் தாம் ஒருவராகவே நாற்பது நீர்த்துறைகளை நகருக்கு வழங்கினார். மஸ்ஜித் பந்தர்ப் பகுதியில் 1876ஆம் ஆண்டில் கேசவ்ஜி நாயக் என்பார் பெயரால் எழுந்த பியாவ், உச்சியில் கடிகாரத்துடன் இன்றும் நிற்கிறது. அண்மைக் காலத்தில் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தும் இருக்கிறார்கள்.

இப்பியாவ்கள் பலவற்றின் அமைப்பை உற்று நோக்குங்கள். மேலே மனிதருக்குக் குழாய். அதில் சிந்தும் நீரும் வழியும் நீரும் வீணாகாமல் கீழே ஓடிவந்து ஒரு தொட்டியில் நிறையும். அது குதிரைக்கும் மாட்டுக்கும். தரையோரம் தேங்குவது நாய்க்கும் பறவைக்கும். ஒரே நீர், பல உயிர்கள். வழிப்போக்கன் ஒருவன் குடித்துவிட்டுப் போனால், அவன் அறியாமலேயே அவனுக்குப் பின்வரும் ஒரு குதிரைக்கும் நீர் வார்த்தவனாகிறான். இதைவிடச் சிறந்த அறநூல் வேறு வேண்டுமா? லண்டனிலும் 1859ஆம் ஆண்டில் மக்களுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க ஒரு சங்கம் தோன்றியது. 1867இல் அச்சங்கத்தார் தங்கள் பெயரிலேயே கால்நடைத் தொட்டிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே சங்கம் வைத்துச் செய்ததை இங்கே குடும்பங்கள் திதி கொடுப்பதுபோல் செய்தன. டிராம் தொடங்கிய அதே 1874ஆம் ஆண்டில்தான் பம்பாயில் பிராணிவதைத் தடுப்புச் சங்கமும் தோன்றியது. ஒரு கையால் குதிரையை வண்டியில் பூட்டிய நகரம், மறு கையால் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தது.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. முப்பத்திரண்டு அறங்கள் என்று வகுத்தவர்கள், தண்ணீர்ப்பந்தலோடு விலங்கிற்கு உணவையும் சேர்த்தார்கள். பசு உடம்பு தினவெடுத்தால் உரசிக்கொள்ள ஒரு கல்லை நட்டுவைப்பதையும், 'ஆவுரிஞ்சு தறி' என்று பெயரிட்டு, அறங்களுள் ஒன்றாக எண்ணினார்கள். மாட்டின் தினவையும் நினைத்துப் பார்த்த இனம் நம்முடையது. என் ஆச்சி கிணற்றடித் தொட்டியை நினைத்துக்கொண்டது தற்செயலன்று.

இனி, தொட்டிகள் வறண்ட கதை. 1905ஆம் ஆண்டில் குதிரை டிராம் நின்றது. 1907இல் மின்சார டிராம் வந்தது. 1926இல் மோட்டார்ப் பேருந்து வந்தது. நகரின் பழைய குளங்களோ வேறொரு காரணத்தால் மூடப்பட்டன. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை 1897இல் சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து டாக்டர் பென்ட்லி 1911இல் அறிக்கை அளித்தார். கிணறுகளும் குளங்களும் கொசுவின் தொட்டில்கள் என்று தெரிந்ததும், அவற்றை மூடுவதும் தூர்ப்பதும் நகராண்மையின் கடமையாயிற்று. உயிர் காக்கவே மூடினார்கள். அதையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். மின்சார டிராமும் 1964 மார்ச்சு 31ஆம் நாள் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. அன்றிரவு தாதரில் கூடிய கூட்டத்தில் நானும் என் அப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டு நின்றேன். விக்டோரியா வண்டிகள் மட்டும் எஞ்சின. அவையும் உல்லாசப் பயணிகளுக்கென்றே ஆகி, குதிரைகளின் நிலை பரிதாபத்துக்குரியதாயிற்று. 2015ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்வண்டிகளைத் தடைசெய்து தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நான் வரவேற்றேன். நீரும் நிழலும் கொடுக்க மாட்டாத ஊரில் குதிரையை வண்டியில் பூட்டுவதைக்காட்டிலும், பூட்டாமலிருப்பதே தருமம்.

'காலா கோடா'வை எல்லோரும் அறிவீர்கள். 1879இல் நிறுவப்பட்ட அரசகுமாரரின் குதிரைச் சிலையால் அவ்விடத்துக்கு அப்பெயர் வந்தது. 1965இல் சிலையைப் பெயர்த்தெடுத்த பின்னும் பெயர் போகவில்லை. 2017இல், ஏறியிருப்போர் எவருமில்லாத குதிரைச் சிலை ஒன்றை அங்கே புதிதாக வைத்திருக்கிறார்கள். நல்லதே. தாகமே அறியாத உலோகக் குதிரைக்கு நகரின் நடுவே இடம் இருக்கிறது. தாகத்தோடு ஓடிய 900 குதிரைகள் நீர் குடித்த தொட்டிகளுக்கு மட்டும் இடமில்லை என்று சொல்லலாமா?

"குதிரைதான் இல்லையே, தொட்டி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குதிரைகள் இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் நம் வேப்பமரத்தடியில் வாய் பிளந்து நிற்கும் காக்கைகள் இருக்கின்றன. காலனி நாய்கள் மூன்று இருக்கின்றன. அவற்றுக்கு நம் குழந்தைகள் தமிழ்ப் பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது நம் சங்கத்துக்குப் பெருமை! கோயிலுக்கு அழைத்து வரப்படும் பசு இருக்கிறது. சென்ற கோடையில் ஒரு பருந்து மயங்கி விழுந்ததை இரண்டாம் கட்டிடத்தார் எடுத்துத் தேற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். தாகம் ஒழிந்துவிடவில்லை, குடிக்க வருவோர் மாறியிருக்கிறார்கள்.

"கொசு வருமே?" என்பது இரண்டாவது கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நம் காலனியிலேயே டெங்குக் காய்ச்சலால் துன்புற்றவர்கள் உண்டு. கொசு முட்டையிட்டுப் புழுவாகிப் பறக்க ஒரு வாரமளவு ஆகும். அதற்கு இடங்கொடாமல், ஒருநாள்விட்டு ஒருநாள் தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, புதுநீர் விட்டால் புழு பிழைக்காது. தொட்டியின் அடியில் நீரை வெளியேற்றும் துளை ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் சருகுகளை அகற்றிவிட்டுப் பார்த்தேன். துளையை அடைத்திருந்த மண்ணை ஒரு குச்சியால் குத்தியதும் வழி திறந்துகொண்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அது தன் கடமைக்கு ஆயத்தமாகவே இருக்கிறது. ஆயத்தமாக வேண்டியவர்கள் நாம்தாம்.

கார் நிறுத்தும் இடம்பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மகனுடைய கார் அவன் வெளியூர் மாற்றலாகிச் சென்றது முதல் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. அதை விற்றுவிடும்படி அவனிடம் சொன்னேன், சம்மதித்துவிட்டான். ஆகவே, இரண்டு இடங்களில் ஒன்றை நான் இப்பொழுதே தருகிறேன். மற்றோர் இடத்துக்கு வழிகாண்பதைச் செயற்குழுவின் மேலான யோசனைக்கு விட்டுவிடுகிறேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவும் வேலையில் செவ்வாய்க்கிழமை என்னுடையது. மற்ற நாட்களுக்கு முன்வரிசையிலிருந்து பெயர்கள் வரும் என்று நம்புகிறேன். நாடகம் முடிந்தபின் கொடுத்தால் போதும்.

நாம் பிழைக்க வந்தவர்கள். வந்த ஊருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று நம்மை யாரும் இதுவரை கேட்டதில்லை; அது இவ்வூரின் பெருந்தன்மை. பெயர் தெரியாத ஒருவர், மொழி தெரியாத உயிர்களுக்காக வைத்துச் சென்ற கல் இது. பெயரும் மொழியும் தெரியாமல் வந்திறங்கிய ஒரு பத்து வயதுச் சிறுவனுக்கும் இது ஒருநாள் ஆறுதல் அளித்தது. அவன் இப்பொழுது கிழவனாகி, உங்கள் முன் நின்று, அதற்காக ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறான். முடிவு உங்களுடையது.